அவளுக்கு மட்டும் சாம்பிராணி

என் வீட்டுக்காரர் என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. இதை ஒரு குறையாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? "குடுத்து வச்சவடி நீ" என்பார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

எனக்கு வேண்டியது பெரிய வசவு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. சாம்பிராணி. கோபம் கொஞ்சம் கூடினால் மடச்சாம்பிராணி. அதை அவர் ஒருத்தியைப் பார்த்து மட்டும்தான் சொல்வார். அந்த ஒருத்தி நான் இல்லை. என் மகள் பள்ளிக்கூடம் போகிற வயசுக்கு வந்த பிறகும் இதை நினைத்தால் எனக்கு அடிவயிறு எரிகிறது.

கல்யாணம் முடிந்து அந்த வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் முதலில் கேட்டேன். நான் அரியலூர்க்காரி. அப்பாவுக்கு ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம்கூட வெளுத்திருக்கும், குளித்துவிட்டு வந்து பேசாமல் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் ஆளும் குறைவு, சத்தமும் குறைவு. பெரம்பலூரிலிருந்து அரும்பாவூர் போகிற ரோட்டில் இருக்கிற இந்த ஊருக்கு வாழ வந்தால், விடிந்ததிலிருந்து யாராவது வாசலில் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். அன்றைக்கும் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். என் வயசுப் பெண் ஒருத்தி கையில் தூக்குவாளியோடு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். புதுப்பெண்ணுக்கு விருந்து என்று கோழிக்குழம்பு கொண்டுவந்திருக்கிறாளாம். மாமியார் வாளியைத் திறந்தார். உள்ளே மாட்டுக்கு வைக்கிற கழுநீர்.

"அப்ப கொழம்பு எங்கடி?" என்றார் மாமியார்.

அவள் தலையில் கை வைத்தாள். "ஐயையோ! அத மாட்டுக்கிட்ட வச்சிட்டு வந்துட்டேன் போலருக்கே!"

"அடி மடச்சாம்பிராணி!" என்று என் வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் காக்கா பறந்தது. செருப்பைக்கூடப் போடாமல் அவள் வீட்டுக்கு ஓடினார், அவளும் பின்னாலேயே ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் அவர் திட்டுவதும் அவள் சிரிப்பதும் தெரு முழுக்கக் கேட்டது. குழம்பு தப்பித்துவிட்டது. ருசியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு வாரமாக என்னிடம் "சாப்டியாம்மா, தூங்குனியாம்மா" என்று தணிந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்த மனுஷனுக்குத் தொண்டைக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யார் அவள் என்று கேட்டேன்.

"எங்கண்ணன் மவ" என்றார் மாமியார். "ஒனக்குத் தங்கச்சி முறை."

அண்ணன் மகள் என்றால் என் வீட்டுக்காரருக்கு மாமன் மகள். கட்டிக்கொள்ளும் முறை. அவருக்கு அவள்தான் என்று சின்ன வயசிலிருந்தே பேசி வைத்திருந்தார்கள் என்பதை அடுத்த வீட்டுக்காரி எனக்குச் சொல்ல ரெண்டு நாள்கூட ஆகவில்லை. அப்புறம் ஏன் நடக்கவில்லை என்று மாமியாரிடம் கேட்டதற்கு, "அது கூடி வரல" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டார். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே அவளை அரும்பாவூரில் கொடுத்திருந்தார்கள். கட்டினவர் சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டார், ஊருக்கு வருவது எப்போதாவதுதான். அவள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எங்கள் அடுத்த தெருவுக்கே திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் அவள் வீட்டில் இருந்தால்தானே! காலையில் மோர் வாங்க வருவாள், மத்தியானம் சும்மா வருவாள், சாயங்காலம் காலையில் விட்டுப்போன மோர்ச் செம்பை எடுக்க வருவாள்.

அவரைக் கட்டியிருக்க வேண்டியவள் எனக்குத் தங்கச்சியாம். என் மகளுக்குச் சித்தியாம். எந்தப் புண்ணியவான் இந்த முறையெல்லாம் வகுத்து வைத்தானோ, அவன் வீட்டில் ஒரு பொம்பளையிடமாவது கேட்டிருப்பானா? என் மகள் "சித்தி, சித்தி" என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றும்போது, நான் அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே வைப்பேன்.

இந்த வார்த்தையை நான் ஆராய்ந்த அளவுக்குத் தமிழ் வாத்தியார்கள்கூட ஆராய்ந்திருக்க மாட்டார்கள். வயிற்றெரிச்சல் இருந்தால் எல்லா ஆராய்ச்சியும் தானாக நடக்கும். முட்டாள் என்பது புத்தகத்தில் இருக்கிற சொல். எங்கள் தெருவில் ஒருத்தரை முகத்துக்கு நேரே முட்டாள் என்றால் அடுத்தது கைகலப்புதான். மடையன் என்று அப்பன்மார்கள் பிள்ளைகளைச் சொல்வார்கள், பரீட்சை மார்க் வருகிற அன்றைக்கு. மக்கு பள்ளிக்கூடத்தோடு சரி. லூசு என்பதை இப்போது என் மகள் பூனைக்குட்டியைப் பார்த்துக்கூடச் சொல்கிறாள், அதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. கூறுகெட்டவள் என்பது என் மாமியாருடையது. பால் பொங்கி வழிந்தாலும் நான்தான் கூறுகெட்டவள், கரண்ட் போனாலும் நான்தான் கூறுகெட்டவள். அது எனக்குத் தாராளமாகக் கிடைத்தது. அதனால் அதற்கு என்னிடம் மதிப்பில்லை.

சாம்பிராணி வேறு ரகம். வெள்ளிக்கிழமை தணலில் போடுகிற அந்த வாசனைச் சரக்குக்கும் புத்திக் குறைவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. மளிகைக்கடைக்காரர் மட்டும், "அது பத்தினாலும் பொகதான் வரும், வெளிச்சம் வராதுல்ல, அதனாலதான்" என்றார். அந்த நிமிஷத்தில் அவரே யோசித்துச் சொன்னது மாதிரிதான் இருந்தது. அர்த்தம் கிடக்கட்டும். அது எங்கே புழங்குகிறது என்பதுதான் என் கவலை. வேற்று ஆளிடம் அதை யாரும் சொல்வதில்லை. மரியாதைக்குரியவரிடம் வாயில் வராது. "வாங்க சாம்பிராணி, உக்காருங்க" என்று சொல்ல முடியுமா? நிஜமாகவே புத்தி மட்டான ஆளிடமும் சொல்வதில்லை, அது பாவம். எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒருத்தர் இருக்கிறார். என் வீட்டுக்காரர் அவரைப் பற்றி, "அவருக்கு வெவரம் பத்தாதும்மா" என்று மெதுவாகத்தான் சொல்வார். யார் தப்புச் செய்தால் நாம் எழுந்து ஓடுவோமோ, ஓடும்போதே யாரை வாய் நிறையத் திட்டிக்கொண்டு ஓடுவோமோ, அவர்களுக்குத்தான் அந்தச் சொல். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு வாய்த்தது 'ம்மா'. "என்னம்மா, சரிம்மா, பரவால்லம்மா." ஆரம்பத்தில் எனக்கும் அது இனிக்கத்தான் செய்தது. ஒரு நாள் பெரம்பலூரில் மெடிக்கல் ஷாப்புக்குக் கூடப் போனேன். மாத்திரை எடுத்துக்கொடுத்த பெண்ணிடம், "இன்னொரு அட்டை குடும்மா" என்றார். அதே குரல், அதே தணிவு. பேங்கில் கவுண்டரில் இருந்த பெண்ணிடமும் அதே 'ம்மா'. திரும்பி வரும்போது வண்டியில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருஷம் நானும் கவுண்டருக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறேன் போலிருக்கிறது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தைலம் தேய்த்துவிட்டு, "தூங்கும்மா" என்றார்.

சரி, கேட்டால் கிடைக்காது, சம்பாதித்துத்தான் வாங்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். சிரிக்காதீர்கள். காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். கடைசி மடக்கு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த வெள்ளைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகில் முக்கோணமாகக் கருகிவிட்டது. "பழைய சட்டதானம்மா. ஒங் கையில படலயே?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சட்டையைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினேன். அந்தத் துணிதான் இன்றைக்கும் அடுப்படியில் கிடக்கிறது.

அதே வாரம் அந்த மகராசி ஸ்கூட்டியில் பெட்ரோல் போட மறந்து கோனேரிபாளையம் பக்கம் நடுரோட்டில் நின்றாள். போன் வந்தது. இவர் அப்போதுதான் இலையில் உட்கார்ந்திருந்தார். நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டிருந்தேன். "சாம்பிராணி, சாம்பிராணி! வண்டிய எடுக்கறப்ப முள்ளப் பாக்க மாட்டியா? கண்ண எங்க வச்சிருக்க? வெயில்ல நிக்காத, மரத்தடியில நில்லு, வரேன்!" என்று போனிலேயே கத்திக்கொண்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பெட்ரோல் பாட்டிலோடு கிளம்பிவிட்டார். சோறு ஆறியது. நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்துகிற கத்தலில் 'வெயில்ல நிக்காத' என்று ஒன்று நடுவில் வந்ததே, அதைத்தான் ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் நிஜத்தில் ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. புருஷன் வெளிநாட்டில் இருக்க, காட்டு வேலை, ஆள் கூலி, அப்பாவின் வைத்தியம் எல்லாவற்றையும் தனியாளாக இழுத்துக்கொண்டு போகிறவள். மக்காச்சோள வியாபாரி அவளிடம் வாய் கொடுத்துவிட்டு முகம் தொங்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் வாசலுக்கு வந்தால் மட்டும் வாளி மாறும், செருப்பு மாறும், செம்பு மறக்கும். 'நடிப்புக்காரி' என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்வேன்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டேன். "அவளை மட்டும் சாம்பிராணிங்கறீங்க. என்னைய ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒன்னையப் போயா? நீ வெவரமான புள்ளம்மா. அது கெடக்குது கழுத."

கழுதை வேறா! எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை வைத்திருக்கிறாரோ என்று ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்றும் அவர் கேட்கவில்லை. மரியாதையாக விட்டுவிட்டார்.

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்குச் சின்ன வெங்காயம்தான் முக்கியமான வெள்ளாமை. பிடுங்கியதும் எல்லாவற்றையும் விற்றுவிட மாட்டோம். அடுத்த நடவுக்கு விதை வேண்டும் இல்லையா? அதைப் பட்டறையில் போட்டு வைப்போம். பட்டறை என்றால் வேறொன்றும் இல்லை. தரையில் படாமல் கல்லை அடுக்கி, அதன் மேல் மூங்கில் பரப்பி, சுற்றிலும் தட்டி கட்டி, மேலே கீற்றுப் போட்ட நீளமான கூண்டு. நாலு பக்கமும் காற்று உள்ளே போய் வர வேண்டும், அதுதான் அதன் உயிர். எங்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னால் கிணற்றுமேட்டில் இருக்கிறது. கார்த்திகை நடவுக்கான விதை முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து அரியலூரில் என் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நான் போகிறேன் என்றேன். "நீ புள்ளைய வச்சுக்கிட்டு எதுக்கும்மா அலையற, நான் போயி கூட இருந்துட்டு வரேன்" என்று அவரே கிளம்பிவிட்டார். என் அப்பாவுக்குச் சொட்டு மருந்து விடுவதும் கஞ்சி ஆற்றிக் கொடுப்பதும் அவர்தான். இப்படிப்பட்டவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இருக்கிறது பாருங்கள். கிளம்பும்போது பட்டறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளியிடம் யாராவது வேலை சொல்வார்களா?

அவர் போன மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கீற்று ஒரு பக்கம் ஒழுகுவதைப் பார்த்தேன். மாமியாருக்கு முட்டிவலி, கிணற்றுமேட்டுக்கு வர மாட்டார். நான் ஒருத்தியாகவே பெரிய தார்ப்பாயை இழுத்துப் போட்டு, காற்றில் தூக்காமல் இருக்க அடி வரைக்கும் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கையெல்லாம் கயிறு அறுத்த கோடு. அவர் வந்து பார்க்கட்டும், நானும் இந்த வீட்டுக்காரிதான் என்று தெரியட்டும் என்று இருந்தது. மழை விட்டு வெயில் வந்தது. மறுபடி பெய்தால் என்ன பண்ணுவது என்று தார்ப்பாயை அப்படியே விட்டுவிட்டேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "அக்கா, பட்டறைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் பாத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என் வீட்டுப் பட்டறை, என் வீட்டு வெங்காயம். இவள் என்ன கேட்பது?

அவர் திரும்பி வந்த அன்றைக்குக் காலையிலேயே நல்ல வெயில். நான் பெருமையாகக் கிணற்றுமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை விலக்கினார். குப்பென்று ஒரு நாற்றம் வந்தது. வெங்காயம் அழுகின நாற்றத்தை முகர்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும். உள்ளே கை விட்டு ஒரு பிடி எடுத்தார். சூடாக, கொழகொழவென்று விரல் வழியே ஒழுகியது. மழையில் நனைந்ததைக் காற்று போகாமல் மூடி, வெயிலில் வேக வைத்திருக்கிறேன்.

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். இப்போது வரும் என்று நினைத்தேன். பயமாகவும் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மூலையில் ஆசையாகவும் இருந்தது. இதைவிடப் பெரிய முட்டாள்தனம் யார் பண்ண முடியும்?

கையைத் துடைத்துக்கொண்டார். "பரவால்லம்மா. ஒனக்கு என்ன தெரியும்? விடு" என்றார்.

"திட்டுங்களேன்!" என்று கத்தினேன். "நாலு வார்த்த திட்டுனாத்தான் என்ன? நான் என்ன ஒங்க ஊட்டுக்கு விருந்துக்கு வந்தவளா?"

"ஒன்னையத் திட்டி என்னம்மா ஆவப்போவுது? நீ போயி மொகத்தக் கழுவு" என்று சொல்லிவிட்டு, நல்லதைப் பொறுக்கிப் போடச் சாக்கு எடுத்து வரப் போய்விட்டார். நான் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து அழுதேன். வெங்காயத்துக்காக அழவில்லை.

நாற்றம் அடுத்த தெரு வரைக்கும் போயிருக்க வேண்டும். அவள் ஓடி வந்தாள். பட்டறையைப் பார்த்தாள், தார்ப்பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இடுப்பில் கையை வைத்தாள்.

"அடி மடச்சாம்பிராணி அக்கா! பட்டறைக்குப் போயி யாராவது போர்வ போத்தி வைப்பாங்களா? வெங்காயத்துக்குக் குளிருதுன்னு சொல்லுச்சா ஒன்கிட்ட? பாத்துக்கிட்டேன் பாத்துக்கிட்டேன்னியே, இதத்தான் பாத்தியா? எந்திரி! அழுதா வெங்காயம் நல்லாயிடுமா? எந்திரிச்சு அந்த மொறத்த எடு!"

அதே ராகம். அந்த 'ட'வில் அதே ஏற்றம். இத்தனை வருஷம் நான் யாரிடம் எதிர்பார்த்தேனோ அவரிடமிருந்து வராமல், போயும் போயும் இவள் வாயிலிருந்தா வர வேண்டும்! எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கை தானாக முறத்தை எடுத்துவிட்டது. கண்ணும் நின்றுவிட்டது. அதுவரைக்கும் "ங்க" போட்டுப் பேசினவள் "நீ" என்றதைக்கூட அப்புறம்தான் கவனித்தேன்.

ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். அழுகினது ஒரு பக்கம், கெட்டியாக இருப்பது ஒரு பக்கம். அடியில் இருந்தது நிறையத் தப்பியிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் வாய் சும்மா இருக்குமா?

"மாமா ஒன்னைய ஒண்ணும் சொல்லலையா?"

"பரவால்லம்மான்னாரு" என்றேன் கடுகடுவென்று. "ஒன்னையன்னா நல்லாத் திட்டியிருப்பாரு. சாம்பிராணி சாம்பிராணின்னு ஊரையே கூட்டியிருப்பாரு. ஒனக்கென்ன!"

அவள் கை வேலையை நிறுத்தவில்லை. ஒரு வெங்காயத்தை அமுக்கிப் பார்த்து அழுகினதோடு போட்டாள்.

"எங்கப்பா எங்க கல்யாணப் பேச்ச எடுத்தாரு பாரு, அன்னைக்கு ஒங்க ஊட்லதான் சாப்பாடு" என்றாள். "பந்தியில நான்தான் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். எங்கப்பா அத்தகிட்ட, தை பொறந்தா வச்சுக்கலாமான்னு கேட்டாரு. மாமா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே, 'இந்தச் சாம்பிராணியவா? இதக் கட்டிக்கிட்டு எவன் காலந்தள்ளறது'ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன். நான்தான் மொதல்ல சிரிச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, அப்பறம் ரசம் ஊத்துனேன். யாரும் அதப்பத்திப் பேசல. அந்த மாசியிலயே அரும்பாவூர்ல கேட்டு வந்தாங்க."

நான் முறத்தில் இருந்ததையே திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாளி மாறினதும் செம்பு மறந்ததும் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அந்த நேரம் பார்த்து இவர் சாக்குகளோடு வந்தார். "ஏ சாம்பிராணி, நீ எப்ப வந்த? கெட்டியானத இந்தப் பக்கம் தள்ளு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அவளுக்குப் பேரு இல்லையா?" என்று எழுந்து நின்றுவிட்டேன். "ஆளு வளந்து கல்யாணம் ஆயி ஒரு குடும்பத்தக் கட்டி இழுக்கறா. இன்னும் என்ன சாம்பிராணி, கழுதன்னுக்கிட்டு? இனிமே மரியாதயாக் கூப்பிடுங்க!"

அவர் பேய் அறைந்த மாதிரி நின்றார். என் வாயிலிருந்து அவளுக்குப் பரிந்து ஒரு சொல் வந்ததே இல்லை, பாவம், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சாக்கை வைத்துவிட்டு, "குடிக்கத் தண்ணி கொண்டாரேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார்.

நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போயிருந்தது.

"யாரக் கேட்டு அப்பிடிச் சொன்ன?" என்றாள். "ஒனக்கு அந்த ஊடு இருக்கு, புள்ள இருக்கு, பக்கத்துல ஆளு இருக்கு. எனக்குன்னு அவருகிட்ட இருக்கறது இந்த ஒண்ணுதான். இதையும் புடுங்கிக்காத."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் செம்போடு வந்துவிட்டார். முதலில் என்னிடம் நீட்டினார். நான் குடித்துவிட்டுக் கொடுத்தேன். பிறகு அவள் பக்கம் திரும்பினார். கொஞ்சம் தயங்கினார். என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில், "இந்தாம்மா" என்றார்.

அவள் செம்பை வாங்கினாள். குடிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை வசவு அந்த முகத்தில் விழுந்து நான் பார்த்திருக்கிறேன், ஒன்றுக்கும் அது இப்படி ஆனதில்லை. செம்பைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்புகிறவள் மாதிரி எழுந்தாள். இப்போது விட்டால் இனி இவள் நம் வாசலுக்கு வரவே மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கும்பிடாத சாமி இல்லை, வேண்டாத நாள் இல்லை. அதற்காகத்தானே வேண்டினேன். பேசாமல் இருந்தால் போதும்.

"என்னங்க" என்றேன். "அந்தச் சாம்பிராணி எங்கயோ கெளம்புது பாருங்க. இவ்வளவு வெங்காயத்த யாரு பொறுக்கறதாம்?"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"ஏ சாம்பிராணி!" என்று கத்தினார். பழைய குரல், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல். "எங்க கெளம்பிட்ட? ஒக்காரு கழுத! வெயில்ல ஒக்காராத, இப்பிடி நெழலுக்கு வா!"

அவள் சிரித்துக்கொண்டே நிழலுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் வெயிலில்தான் இருந்தேன். என்னை யாரும் நகரச் சொல்லவில்லை. வயிறு எரிய எரிய அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.